வயருக்குத் தண்ணீர் பாய்ச்சிய பங்குனி

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு லாரி கிளீனராகப் போனவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு தீபாவளி இருந்ததில்லை. நாக்பூரில் ஆரஞ்சுப் பெட்டி சுமந்தேன். பம்பாய்ப் புறநகரில் மொட்டைமாடி விட்டு மொட்டைமாடி கேபிள் டிவி வயர் இழுத்தேன். அங்கே ஒரு மழைநாளில் பாசி வழுக்கி சன்ஷேடில் விழுந்ததில் இடது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த கையோடு தெற்கே ரயிலேறிவிட்டேன். மதுரையில் கம்ப்யூட்டர் விற்று மாட்டிக்கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்று வயர் இழுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. டிவி வயரும் அவர்கள் வயரும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. இரண்டும் கறுப்பு. நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக், அதற்கு மேல் பின்னல் வலை. உள்ளே ஓடுவதுதான் வேறு. கம்பெனியில் என் படிப்பைக் கேட்கவில்லை. ஏணியில் ஏறத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள்.

அப்படித்தான் தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டிக்கு வெளியே இருந்த ஒரு நூற்பாலைக்கு வந்து சேர்ந்தேன். நான் பிறந்த ஊர் அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ஆனால் போய்ப் பார்க்க யாரும் இல்லை. மில்லிலேயே பஞ்சு குடோனுக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். கேன்டீனில் சாப்பாடு. எனக்கு அதுவே தாராளம்.

மில்லுக்கு இரண்டு யூனிட். ரோட்டோரம் பழைய யூனிட், அதில்தான் ஆபீஸ். பின்னால் ஒரு புஞ்சையைத் தாண்டி புது யூனிட். புஞ்சை முதலாளியுடையதுதான், கரிசல். மழை பெய்த வருஷம் உளுந்து போடுவார்கள், பெய்யாத வருஷம் சும்மா கிடக்கும். ஆபீஸில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று. புது யூனிட்டின் லேப் அறையில் சிறியது ஒன்று. இரண்டிலும் யுனிக்ஸ் வகை இயங்குதளம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது, எல்லாம் தட்டச்சுதான். சிறிய மெஷினில் இடம் கொஞ்சம். அதனால் லேபில் எடுக்கும் கணக்கெல்லாம் ஆபீஸ் மெஷினில்தான் தங்கும். ஆனால் லேபில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தன் மெஷினிலேயே இருப்பதுபோலத் தெரியும். ஆபீஸ் மெஷினின் ஒரு பகுதியை லேப் மெஷின் தன் உடம்பில் ஒட்டவைத்துக்கொள்ளும். மவுண்ட் செய்வது என்று எங்கள் என்ஜினியர் அதைச் சொல்வார். மெட்ராஸ்காரர். யார் எதைக் கேட்டாலும் நின்று விளக்கிச் சொல்லும் மனிதர்.

அவர் சொன்னதை நான் புது யூனிட் வாட்ச்மேனுக்குச் சொன்னேன். பசுவந்தனைப் பக்கத்துக்காரர். சொந்தமாகக் கொஞ்சம் மானாவாரி நிலம், மற்ற நேரம் காவல்.

“அப்ப சாமான் எங்கன இருக்கு?” என்றார்.

“ஆபீஸ்ல.”

“இங்கன தெரியுதேடே.”

“தெரியும். எடுக்கலாம், வைக்கலாம். இருக்கது அங்கன.”

“எம் மவன் துபாய்ல இருக்கான். போட்டோ வீட்ல தொங்குது. அது மாதிரியா?”

“போட்டோல இருக்கவனுக்கு நீங்க சட்டைய மாத்த முடியாதுல்லா. இதுல மாத்தலாம். இங்கன மாத்துனா அங்கன மாறிரும்.”

அப்படியென்றால் மகனையும் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடு, மீசையை எடுத்துவிட வேண்டும் என்றார்.

லேப் மெஷினில் உட்கார்ந்திருந்தது புதூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர். முப்பது வயது இருக்காது. பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்தவர். ஆனால் மில்லுக்கு வந்தபோது கிடைத்தது நூற்கும் மெஷினில் இழை ஒட்டும் வேலை. அங்கே பஞ்சுத் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வார லீவு முடிந்து வரும் முதல் நாள் நெஞ்சு இறுகிக்கொள்ளும். மறுநாள் சற்று இளகும். அடுத்த லீவு முடிந்ததும் மறுபடி இறுகும். லீவு நாளில் என்ன தின்றாய் என்று வீட்டில் கேட்பார்களாம். மில் டாக்டர்தான், தூசியில்லாத இடத்தில் வைக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தார். லேப் அறைக்குக் கதவு உண்டு, குளிர்ச்சி மெஷின் உண்டு. டைப் தெரியும் என்பதால் கம்ப்யூட்டர் வந்ததும் அவரை அங்கே மாற்றினார்கள். அதிலிருந்து மூச்சு நன்றாக இருக்கிறது என்று அவரே சொன்னார். ஆனால் மெஷின் அங்கே இருக்கிறவரைதான் அந்த இடம். அதை எடுத்து ஆபீஸுக்குக் கொண்டுபோய்விட்டால், லேபில் ஏற்கெனவே இருந்த பெரியவர் ஒருவரே போதும், இவர் மறுபடி தூசிக்குத்தான் போக வேண்டும். அது அவருக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர் வேலை இது. அன்றன்று ஓடும் நூலிலிருந்து மாதிரி எடுத்துச் சிட்டமாக, அதாவது வளையக் கற்றையாகச் சுற்றி, சோதனை மெஷினின் இரண்டு கொக்கிகளில் மாட்டி இழுக்க வேண்டும். சிட்டம் அறுந்துவிழும். எந்த இழுப்பில் அறுந்தது என்று வட்ட முகப்பில் முள் காட்டும், அடுத்த சிட்டம் மாட்டும்வரை அங்கேயே நிற்கும். அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். அறுந்த சிட்டத்தைத் திரும்பச் சோதிக்க முடியாது என்பது யாருக்கும் புரியும். எண் போனால் போனதுதான். மறுபடி மாதிரி எடுத்து முதலிலிருந்து வர வேண்டும், அதுவரை சரக்கு ஏற்ற முடியாது, லாரி நிற்கும். காகிதத்திலும் கம்ப்யூட்டரிலும் இரண்டு முறை எழுத வேண்டாம், நேரே அடித்துவிடுங்கள் என்று மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். காகிதம் இருந்தால் கம்ப்யூட்டரை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

வயரைப் புதைத்தது கார்த்திகையில். நல்ல மழை பெய்து புஞ்சை வெண்ணெய் மாதிரி இருந்தது. கடப்பாரையே தேவைப்படவில்லை, மண்வெட்டியிலேயே வாய்க்கால் வந்தது. காலில்தான் அப்பிக்கொண்டு கனத்தது. ஒவ்வொரு தரமும் குச்சியால் வழித்துவிட்டு நடந்தோம். பிளாஸ்டிக் குழாய் போட்டு அதற்குள் வயரை ஓட்டினோம். சுருள் பாதியில் முடிந்துவிட்டதால் நடுவில் ஓர் இணைப்பு. இரண்டு முனையையும் எதிரெதிரே மாட்டித் திருகும் சின்ன உருளை அது. வயர் தொய்யாமல் நேராக, விறைப்பாக இழுத்தோம். மொட்டைமாடியில் அப்படித்தான் இழுப்போம், தொய்ந்தால் காற்றில் ஆடும். மண்ணுக்குள் காற்று ஏது என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் சரளை தட்டும்வரை அஸ்திவாரம் தோண்டுவார்கள். கரிசலின் மேல் சுவர் வைத்தால் கோடையில் நிலம் வெடிக்கும்போது சுவரும் வெடிக்கும். அது சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். குழி வெட்ட வந்த ஆட்கள், வாட்ச்மேன், மேஸ்திரி, நான், எல்லோரும் அந்த மண்ணில் பிறந்தவர்கள். சுவருக்குத் தெரிந்தது ஒருவருக்கும் வயருக்குத் தோன்றவில்லை.

மாசி வரை ஒரு குறையும் இல்லை. கம்பெனி என்னை அங்கேயே விட்டுவைத்திருந்தது. நானும் மற்ற அறைகளுக்கு வயர் இழுத்துக்கொண்டு, இடையில் லேபில் நின்று அந்தப் பெண் அடிக்கும் கட்டளைகளைப் பார்த்து நாலைந்து கற்றுக்கொண்டேன். பங்குனி பிறந்ததும் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஓடும். உச்சிவெயில் ஏறியதும் லேப் திரை அப்படியே நின்றுவிடும். ‘சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்’ என்று அர்த்தம் வருகிற ஒரு வரி இங்கிலீஷில் வரும். சர்வர் என்றது ஆபீஸ் மெஷினை. அதற்கு மேல் கீபோர்டில் எந்தக் கட்டையைத் தட்டினாலும் அசையாது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ‘சர்வர் சரியாகிவிட்டது’ என்று இன்னொரு வரி வந்து, விட்ட இடத்திலிருந்து தானாக ஓடும்.

முதல் தடவை நின்றபோது மேனேஜர் வந்து பார்த்துவிட்டு மெஷினை அணைத்துப் போட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அன்று காலையில் அடித்ததில் பாதி காணாமல் போயிற்று. லாரி மறுநாள்தான் கிளம்பியது.

என்ஜினியருக்குப் போன் செய்தேன். ஒட்டவைப்பதில் இரண்டு விதம் உண்டு என்று அவர் சொன்னார். ஒரு விதத்தில், எதிர்ப்பக்கம் பதில் வராவிட்டால் கொஞ்சம் பார்த்துவிட்டு, முடியவில்லை என்று கைவிட்டுவிடும். எழுதியது எழுதினபடி பாதியில் நிற்கும். இன்னொரு விதத்தில் பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும், எத்தனை நேரமானாலும் சரி. எண்கள் முக்கியம் என்பதால் இரண்டாவது விதத்தைத்தான் வைத்திருக்கிறேன், நிற்கும்போது யாரும் அணைக்கக் கூடாது என்றார். அவர் அப்போது வேறு மாநிலத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் மாட்டிக்கொண்டிருந்தார். வயரைச் சோதித்துப் பார் என்று என்னிடம் விட்டார்.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் அவராகவே ஒன்று கண்டுபிடித்தார். திரை நின்றிருக்கும்போதும் தட்டிய எழுத்துகள் எங்கோ போய் உட்கார்ந்திருக்கின்றன. பதில் வந்ததும் வரிசையாகக் கொட்டுகின்றன. ஆனால் அந்த இடத்துக்கு வயிறு சின்னது, கொஞ்சம் வரிகள்தான் கொள்ளும், அதற்கு மேல் அடித்தால் சிந்திவிடும். எத்தனை சிட்டம் வரை கொள்ளும் என்று அடித்து அடித்துப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார். அந்த அளவுக்குத் திரையைப் பார்க்காமல் குருட்டாம்போக்கில் அடித்துவிட்டு, பிறகு அடுத்த மாதிரிகளைச் சுற்றிவைக்கப் போய்விடுவார்.

ஆனால் மேனேஜர் கண்ணுக்கு அது நின்றுபோன மெஷின்தான். தினமும் மத்தியானம் எட்டிப் பார்த்தால் அசையாத திரை. முதலாளி சித்திரை பிறந்ததும் யூனிட்டைப் பார்க்க வருகிறார், அதற்குள் சரியாகாவிட்டால் லேப் மெஷினைத் தூக்கி ஆபீஸில் வைத்துவிடுவேன், எண்களைச் சீட்டில் எழுதி அனுப்பினால் அங்கே ஒரு பையன் அடித்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சிட்டத்தை மாட்டினார்.

டெஸ்டரை எடுத்துக்கொண்டு காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் வயரை அளந்தேன். காலையில் முள் சரியாக நின்றது. மத்தியானம் வயரே இல்லாததுபோலக் கிடந்தது. நடுவில் எங்கோ விடுகிறது. புஞ்சையில் இறங்கி வயர் போன தடத்திலேயே நடந்தேன். அப்போதுதான் பார்த்தேன். நிலம் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவாந்திரத்தில் ஒரு பெரிய வெடிப்பு, எங்கள் தடத்துக்குக் குறுக்கே. வாட்ச்மேன் குப்புறப் படுத்து தோள்வரை கையை விட்டார். குழாய் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, நடுவில் வயர் வீணைக் கம்பி மாதிரி இருக்கிறது என்றார். இணைப்பு உருளையும் அங்கேதான் இருந்தது. நிலம் இரண்டு பக்கமும் விலகி வயரை இழுத்து, உருளைக்குள் இருந்த வயர் முனையின் ஊசியை மயிரிழை அளவுக்கு வெளியே கொண்டுவந்திருக்கிறது. காலையில் தொடுகிறது, வெயிலில் விடுகிறது. ஏன் வெயிலில் மட்டும் என்று இன்றுவரை எனக்குத் திட்டமாகத் தெரியாது.

புது வயர் மதுரையிலிருந்து வர வேண்டும். மதுரையில் இல்லை, மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அதுவரை என்ன செய்வது? வாட்ச்மேன்தான் சொன்னார், நிலம் வெடித்தால் தண்ணீர் விட்டால் மூடிக்கொள்ளும் என்று. அதைவிட நல்ல யோசனை எனக்கும் தெரியவில்லை. செடிகளுக்கு வரும் டேங்கர் தண்ணீரை மேனேஜரிடம் சொல்லித் தடத்தின் மேல் விட்டோம். மண் சீறிக்கொண்டு குடித்தது. மறுநாளும் விட்டோம். வெடிப்பு வாய் கூம்பியது. மத்தியானம் திரை நிற்கவில்லை.

அதிலிருந்து தினமும் காலையில் நானும் வாட்ச்மேனும் வயருக்குத் தண்ணீர் பாய்ச்சினோம். ஷிப்ட் மாறிப் போகிற பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள். எப்போது பூக்கும் என்று ஒருத்தி கேட்டாள். உரம் வைத்தாயிற்றா என்று இன்னொருத்தி. கம்ப்யூட்டர் காய்த்தால் எங்கள் வீட்டுக்கு இரண்டு கொடுங்கள் என்றாள் மூன்றாமவள். வாட்ச்மேன் சளைக்காமல், களையெடுக்க ஆள் வேண்டும், கூலிக்கு வாரியா என்று திருப்பிக் கேட்டார். நான்கு நாள் போனதும் சிரிப்பு குறைந்தது. அந்த வருஷம் கோவில்பட்டியில் குழாயில் எப்போதாவதுதான் தண்ணீர் வந்தது. சுற்றுப்பட்டு ஊர்களில் அதுவும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியவர்கள். இப்போது நிற்காமல் போக ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் காலையில் அந்தப் பெண் மில் வேனிலிருந்து இறங்கி நேரே புஞ்சைக்கு வந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றோரம் நின்றார்.

“அண்ணாச்சி, இத நிறுத்திருங்க.”

“புது வயரு வாரவரைக்கும்தான்.”

“எங்க ஊர்ல ராத்திரியே கொடத்த வரிசைல வச்சிட்டுப் படுக்கோம். வேன்ல எனக்குப் பக்கத்துல யாரும் பேசமாட்டேங்காவ. ஒனக்காவத்தான் மண்ணுல தண்ணிய ஊத்துதாவளாம்லா, அப்படிங்காவ.”

“நின்னுட்டா மெஷினத் தூக்கிருவாவ. நீங்க தூசிக்குப் போவணும்.”

“தெரியும். நீங்க வேற எதாவது பாருங்க. தண்ணி வேண்டாம்.”

அவ்வளவுதான் பேச்சு. வாட்ச்மேன் குழாயை மூடிவிட்டுச் சுருட்டினார். மேனேஜரிடம் நாங்களாகவே நிறுத்திவிட்டதாகச் சொன்னேன். அவர் நல்லது என்றார். அவருக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வெடிப்பு மறுபடி வாய் திறந்தது. நான் இணைப்பு இருந்த இடத்தில் ஆள் இறங்குமளவு குழி வெட்ட ஆரம்பித்தேன். நீர் விட்டுக் காய்ந்த கரிசல் செங்கல்லை விடக் கெட்டி. கார்த்திகையில் மண்வெட்டிக்கு வந்த மண், இப்போது கடப்பாரையைத் திருப்பி என் மணிக்கட்டிலேயே அடித்தது. இணைப்பைக் கழற்றி, கையிலிருந்த துண்டு வயரைக் கொஞ்சம் தொய்வாக வைத்து ஒட்டுப்போட்டால் புது வயர் வரும்வரை தாங்கும் என்று கணக்கு. முதலாளி வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

முதலாளி முன்னதாகவே வந்துவிட்டார். தூத்துக்குடிக்கு ஏதோ கல்யாணத்துக்குப் போகிற வழியில், காரைத் திருப்பி மில்லுக்குள் விடச் சொல்லியிருக்கிறார். நல்ல மத்தியானம். நான் குழிக்குள் இருந்தேன். குழாயை உடைத்து இணைப்பைக் கண்ணால் பார்த்துவிட்டேன், இன்னும் தொடவில்லை. வாட்ச்மேன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“ஏலே, மொதலாளி லேப்ல நிக்காவ. தெரை நின்னுபோச்சி.”

துண்டு வயரை வெட்டி முனை போட நேரமில்லை. குழியில் மண்டியிட்டு, இரண்டு பக்க வயரையும் இரண்டு கையால் பிடித்து உருளைக்குள் நெருக்கி அழுத்தினேன். ஓடிப்போய்ப் பாருங்கள், வந்துவிட்டதா இல்லையா என்று சொல்லுங்கள் என்றேன். அவர் ஓடினார்.

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. வாட்ச்மேனும் பிறகு மேனேஜரும் சொன்னதுதான். திரை நின்றதும் மேனேஜர் கூசிப்போய், ஆபீஸுக்கு மாற்றப்போகிறோம் என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டே அணைக்கக் கையை நீட்டியிருக்கிறார். அந்தப் பெண் சுவிட்சுக்கு முன்னால் கையை வைத்து மறித்திருக்கிறார்.

“சார், தொடாதீங்க. அது ஒண்ணும் ஆவல. பதிலுக்கு நிக்கி. நாமளா அணைச்சாத்தான் போவும்.”

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுக்க, முதலாளி அவரைக் கையமர்த்திவிட்டுக் கேட்டாராம், “எம்புட்டு நேரம்மா நிக்கும்?”

“எம்புட்டு நேரம்னாலும் நிக்கும், மொதலாளி.”

“நீ அதுவரைக்கும் என்ன செய்வ?”

“எஞ் சோலியப் பாப்பேன்.”

சொன்னபடி அடுத்த சிட்டத்தை மாட்டி இழுத்திருக்கிறார். அறுந்தது. முள்ளைப் பார்த்து, அசையாத திரைக்கு முன்னால் நின்றபடியே எண்ணைத் தட்டியிருக்கிறார். இன்னொரு சிட்டம். இன்னோர் எண். முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று டிரைவர் வாசலில் வந்து நின்றதற்கும் அசையவில்லை. முதலாளி பஞ்சு வியாபாரக் குடும்பம். நூல் அறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்று மேனேஜர் சொன்னார்.

நான் எந்த நொடியில் சரியாக அழுத்தினேனோ தெரியாது. சரியாகிவிட்டது என்ற வரி வந்ததாம். அதன் பின்னாலேயே, யாரும் கட்டையைத் தொடாமல், எண்கள் ஒவ்வொன்றாக மேலேறி வந்திருக்கின்றன. முதலாளி எழுந்து திரைக்குக் கிட்டே போனார்.

“இது எப்ப அடிச்சது?”

“இப்ப நீங்க பாக்கையில அடிச்சதுதான். வரிச மாறாம வருது பாருங்க.”

அவர் திரையில் கடைசி எண்ணைப் படித்தார். பிறகு சோதனை மெஷினுக்குப் போய்க் குனிந்து, முகப்பில் அந்த முள் நின்ற இடத்தைப் பார்த்தார். திரும்பவும் திரையைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

“மெஷின் இங்கனயே கெடக்கட்டும்,” என்று மேனேஜரிடம் சொன்னார். “வயரப் பாருங்க. இந்தப் பிள்ளைக்கு ஒரு சிலேட்டும் வாங்கிக் குடுங்க, அடிக்க முன்ன எழுதிக்கிடட்டும்.” காருக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நான் குழிக்குள் வெயிலில் வயரைப் பிடித்தபடி மண்டியிட்டுக் கிடந்தேன். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிய வாட்ச்மேன் லேப் வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்துவிட்டார். விரல் மரத்து, உடைந்த மணிக்கட்டு தெறித்தது. கையை எடுத்தால் போய்விடுமோ என்று எடுக்கவும் முடியவில்லை. கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏலே, இன்னுமா புடிச்சிருக்க?”

“என்ன ஆச்சி?”

“என்ன ஆவும். மெஷின் இருக்கும், அந்தப் பிள்ள இருக்கும். நீ மேல வா.”

மேலே வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது. வாட்ச்மேனின் சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த பழைய டியூபில் ஒரு துண்டை வெட்டி வாங்கி, உருளையை இரண்டு பக்க வயரோடும் சேர்த்து இறுக்கிச் சுற்றினேன். அந்தப் பெண் அடித்து முடிக்கும்வரை அது பிடித்துக்கொண்டது. மறுநாள் நினைத்தபடி துண்டு வயரைத் தொய்வாக வைத்து ஒட்டுப்போட்டேன்.

புது வயர் சித்திரைக் கடைசியில் வந்தது. இந்தத் தடவை வேறு மாதிரி போட்டோம். என்ஜினியரிடம் போனில் கேட்டபோது, நிலம் அவ்வளவு நகரும் என்று தனக்குத் தெரியாது, நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்றார். பெரிய குழாய் வாங்கி, வயரை விறைப்பாக இழுக்காமல் வளைத்து வளைத்து விட்டோம். இடையிடையே செங்கல்லில் சின்னத் தொட்டி கட்டி, ஒவ்வொன்றிலும் வயரை ஒரு சுருள் சும்மா விட்டுவைத்தோம். நிலம் இழுத்தால் இழுத்துக்கொள்ளட்டும், சுருளிலிருந்து போகட்டும் என்று. நடுவில் இணைப்பு வைக்கவே இல்லை. இந்தக் குழிகளை வெட்ட வந்தவர்களுக்கு வேலை இரட்டிப்பு, என்னை வாயில் வந்தபடி பேசினார்கள்.

வைகாசி வெயிலில் திரை நிற்கவில்லை. ஆனால் அந்தப் பெண் திருப்திப்படவில்லை. கோடையில் விலகுகிற நிலம் மழையில் திரும்பி வந்து நெருக்கும் அல்லவா, அப்போது வயரை நசுக்காதா என்று கேட்டார். நசுக்காது என்றேன். எனக்குத் தெரியாது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். சிலேட்டைத் துடைத்துக்கொண்டே, பார்ப்போம் என்றார்.

ஆடியில் கம்பெனி சம்பளத்தை இழுத்தடித்தது. நான் கிளம்பிவிட்டேன். சூரத்தில் சேலைக் கடைகள் இருந்த ஒரு கட்டடத்தில் வேலை கிடைத்தது, அங்கேயும் வயர்தான். அங்கே இருக்கும்போது ஒரு மத்தியானம், டீக்கடையில் யாரோ வைத்திருந்த தமிழ்ப் பத்திரிகையில் தென் மாவட்டங்களில் பலத்த மழை என்று பார்த்தேன். கார்த்திகை பிறந்திருந்தது. எழுந்து எஸ்டிடி பூத்துக்குப் போய் மில் நம்பரைச் சுற்றினேன். புது யூனிட் வாசலுக்கு இணைப்புத் தரச் சொன்னேன். வாட்ச்மேன்தான் எடுத்தார். என் குரலை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

“வயரு எப்படி இருக்கு?” என்றேன்.

“இருலே, பாத்துட்டு வாரேன்.”

ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். மழை தகரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மீட்டர் ஓடுகிறது என்று பூத்துக்காரன் கண்ணாடியைத் தட்டிக் காட்டினான். நான் வைக்கவில்லை. கடைசியில் மூச்சுவாங்க வந்தார்.

“பேஞ்சி ஊத்துது. புஞ்சையில காலு வைக்க முடியல. அந்தப் பிள்ள உள்ளதான் இருக்கு. லீவு முடிஞ்சி இன்னைக்குத்தான் வந்திச்சி, நெஞ்சு எப்படி இருக்குன்னேன், நல்லா இருக்கேன்னுச்சி. தெரை நிக்கல, தட்டிக்கிட்டுக் கெடக்கு.”